நற்செய்திப் பயிற்சிக் கையேடுகள்: மதுரையிலிருந்து ஒரு திறனாய்வு

ஆண்டுதோறும் கோடை விடுமுறை தொடங்கியதும் நம் சேகரங்கள் பலவற்றில் நற்செய்தி அறிவிப்புப் பயிற்சி முகாம்கள் நடைபெறுவதை வாசகர் அறிவர். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் முகாம்; காலையில் தியானம், முற்பகலில் வகுப்பு, பிற்பகலில் தெருப்பணி, இரவில் சாட்சிக் கூட்டம். பங்கு பெறுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கையேடு கொடுக்கப்படும். அதன் அட்டையும் வெளியீட்டாரின் பெயரும் மாறினும் உள்ளடக்கம் பெரும்பாலும் மாறுவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் நம் மேசைக்கு வந்து சேர்ந்த இத்தகைய கையேடுகளை ஒருசேர வாசிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அவற்றைக் குறித்துச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கையேடுகளைக் குறை கூறுவது எளிது. அவற்றைத் தொகுத்தோர் உழைத்ததில் பாதியும் உழையாத இறையியல் ஆசிரியர் பலர் அதனைச் செய்து வருகின்றனர். நாமும் அதற்கு விலக்கானவர் அல்லோம். எனவே, குறை கூறுமுன் இவை எங்கிருந்து வந்தன என்பதையும், இவற்றால் விளைந்த நன்மை யாது என்பதையும் முதலில் சொல்லிவிடுவதே முறை.

இக்கையேடுகளின் மூலங்கள் இரண்டு. ஒன்று, பில் பிரைட் என்பவர் 1951இல் அமெரிக்காவில் மாணவர்களிடையே தொடங்கிய காம்பஸ் குருசேட் இயக்கம் 1960களில் உலகெங்கும் பரப்பிய நான்கு ஆவிக்குரிய விதிகள் என்னும் சிறு நூல். மற்றொன்று, டி. ஜேம்ஸ் கென்னடி என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் 1962இல் ஃபிளாரிடாவிலுள்ள தம் சபையில் தொடங்கிய இவாஞ்சலிசம் எக்ஸ்ப்ளோஷன் என்னும் பயிற்சித் திட்டம். முன்னது கடவுளின் அன்பையும் திட்டத்தையும், மனிதனின் பாவத்தையும், கிறிஸ்துவின் மீட்பையும், ஒவ்வொருவரும் அவரை ஏற்க வேண்டிய தேவையையும் நான்கு படிகளாக்கிப் படங்களோடு விளக்குவது. பின்னது, சந்திக்கும் மனிதரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு உரையாடலைத் தொடங்கக் கற்பிப்பது: இன்றிரவே இறக்க நேர்ந்தால் விண்ணகம் சேர்வது உறுதிதானா என்பது முதற்கேள்வி, உன்னை ஏன் உள்ளே விட வேண்டும் என்று கடவுள் வினவினால் என்ன விடை கூறுவாய் என்பது இரண்டாவது. நம்மிடையே வழங்கும் தமிழ்க் கையேடுகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் பல அளவிற் கலந்து செய்தவையே.

இவற்றால் விளைந்த நன்மை மெய்யானது. பிரசங்கம் என்பது ஆயரின் தொழில், நம் தொழில் கேட்டுக்கொண்டிருத்தல் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்த சபையாருக்கு இக்கையேடுகள் வாயைத் திறந்துவிட்டன. பாடகர் குழுவில் பாடுவதன்றி ஆலயத்தில் ஒரு சொல்லும் பேசியறியாத தையற்காரரும் ஓய்வுபெற்ற எழுத்தரும் முகாமின் மூன்றாம் நாளில் எழுந்து தம் நம்பிக்கையைக் குறித்துப் பேசியதை நாம் கண்டிருக்கிறோம். நான்காண்டு இறையியற் கல்வியால் நாம் சாதிக்காததை முப்பது பக்க நூல் ஒன்று மூன்று நாளிற் சாதித்தது. இதனை மறுப்பவர் சபைக்குள் வாழ்ந்தவர் அல்லர்.

ஆனால் அந்தத் தையற்காரர் எழுந்து நின்று பேசிய சொற்கள் யாருடைய சொற்கள்? இங்குத்தான் நம் ஐயம் தொடங்குகிறது. பாவம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மதுரைத் தெருவில் ஒருவர் பாவம் என்றால், பெரும்பாலும் இரக்கத்தையே குறிக்கிறார். தாயை இழந்த பிள்ளையைப் பார்த்துப் பாவம் என்கிறோம். கையேட்டைப் பிடித்த இளைஞர் ஒருவர் முன்பின் அறியாத மூதாட்டியிடம் நீங்கள் பாவி என்று தொடங்கும்போது, அவர் செவியில் விழுவது ஓர் இறையியற் கூற்றன்று, வசைமொழி. மறுபிறப்பு என்னும் சொல்லின் நிலை இன்னும் இக்கட்டானது. பிறவியறுத்தலையே வீடுபேறு என்று கற்ற சைவ மரபில், இறைவனிடம் பிறவாமையை வேண்டிய காரைக்கால் அம்மையாரைப் போற்றும் ஊரில், மறுபடியும் பிறக்க வேண்டும் என்று சொல்வது, நோயாளியிடம் சென்று உமக்கு மேலும் நோய் வேண்டும் என்பது போன்றதே. நிக்கொதேமுவும் இச்சொல்லைத் தவறாகவே புரிந்துகொண்டார் என்று ஒருவர் கூறலாம். உண்மையே. ஆனால் இயேசு பெருமான் இரவெல்லாம் அவரோடு அமர்ந்து பேசினாரேயன்றி அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை (யோவான் 3). திட்டம் என்னும் சொல்லைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடவுள் உமக்காக ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று கூறியபோது, அது வீட்டுத் திட்டமா கடன் திட்டமா என்று உழவர் ஒருவர் நம் மாணவரிடம் கேட்டாராம். மாணவர் இதனை நகைச்சுவையாகச் சொன்னார். அந்த உழவர் நகைச்சுவையாகக் கேட்டாரா என்பது நமக்கு விளங்கவில்லை.

இறப்பைப் பற்றிய கேள்வியும் இத்தன்மையதே. தெருப்பணி பெரும்பாலும் மாலையில் நடைபெறுகிறது. விளக்கேற்றும் வேளையில் ஒருவர் வீட்டு வாசற்படியில் நின்று, இன்றிரவு நீங்கள் இறந்தால் என்று தொடங்குவது நம் மண்ணில் எத்தகைய செயல் என்பதை, இக்கையேடுகளைத் தமிழாக்கியோர் தம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். கிறிஸ்தவ இல்லங்களிலேயே அவ்வேளையில் அச்சொல்லை எடுப்பதில்லை. சாவைக் குறித்து நம் மக்கள் அஞ்சிப் பேசாதிருக்கிறார்கள் என்பதன்று. சாவு வீட்டில் நம்மவர் பேசும் அளவுக்கு வேறெவரும் பேசுவதில்லை. அப்பேச்சுக்கு உரிய இடமும் வேளையும் உண்டு. அந்த இடத்தில், அதாவது இழவு வீட்டுத் திண்ணையில், சென்று அமரும் பயிற்சி எந்தக் கையேட்டிலும் நம் கண்ணிற் படவில்லை.

நம் சொந்தத் தவறு ஒன்றையும் இங்குக் கூற வேண்டும். திருப்பணியிற் சேர்ந்த புதிதில் நாமும் இத்தகைய முகாம் ஒன்றிற் பயிற்சி பெற்றோம். உங்கள் தெய்வம் என்றாவது உங்களுக்காக அடிபட்டதுண்டா என்று கேட்கும்படி அங்கு நமக்குக் கற்பித்தார்கள். அதற்கு எவராலும் விடை கூற இயலாது என்றும், அந்த அமைதியிற் சிலுவையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆவணி மூலத் திருவிழா நாட்களில் ஒரு நாள், ஆரப்பாளையத்தில் புட்டுத்தோப்புக்குச் செல்லும் வழியில், பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் இக்கேள்வியைக் கேட்டோம். அவர் பூத்தொடுப்பதை நிறுத்தாமலே, "ஏந்தம்பி, எங்க சொக்கரு பிரம்படி பட்டது ஒங்களுக்குத் தெரியாதா? வந்திக் கெழவிக்காகத்தான பட்டாரு" என்றார்.

திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதையை மதுரையில் அறியாதார் இலர். வையை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கொருவர் கரையடைக்க வர வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்தி என்னும் கிழவிக்காக, அவள் தரும் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, இறைவனே கூலியாளாக வருகிறார். வேலை செய்யாது விளையாடுகிறார். மன்னன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி மன்னன் முதல் எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. ஆண்டுதோறும் அத்திருவிழா நடைபெறும் தெருவில், அதே நாட்களில் நின்றுகொண்டு நாம் அக்கேள்வியைக் கேட்டிருக்கிறோம். நமக்குக் கற்பித்தவர்கள் வெளியூரார் அல்லர். நம்மைப் போலவே மதுரைப் பகுதியிற் பிறந்து வளர்ந்தவர்கள். ஆயினும் கையேட்டைக் கையில் எடுத்தவுடன் நாம் அனைவரும் வெளியூராராகிவிட்டோம். அந்த அம்மையாருக்கு விடை கூறத் தெரியாமல் ஒரு துண்டுப் பிரதியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். அதை அவர் பூவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சொல்லத் தெரியாததை இன்று எழுதுகிறோம். அடி எல்லார்மேலும் பட்டது என்பது அக்கதையின் உயிர்நாடி. எல்லார்க்கும் உரிய அடி ஒருவர்மேல் பட்டது என்பது நம் விசுவாச அறிக்கை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒன்று மற்றொன்றின் நிழல் என்று அவசரப்பட்டுச் சொல்லுதல் ஆகாது; ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று சொல்லுதலும் பொய். கூலியாளாக வந்து கிழவியின் உதிர்ந்த பிட்டை உண்ணும் கடவுளை நேசிக்கும் ஒருவரிடம், தச்சனாக வந்து ஆயக்காரர் வீட்டில் உணவருந்திய கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது. பல மாலைகள் வேண்டும். பல மாலைகள் ஒருவரோடு அமர்ந்திருக்க வேண்டுமாயின், அவரோடு உண்ணவும் வேண்டும். கையேடுகளிடம் நாம் காணும் தலையாய குறை இதுவே: அவற்றில் நாவுக்கான பயிற்சி உண்டு, இலைக்கான பயிற்சி இல்லை.

இது புதுமையான கருத்தன்று. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதை விட்டு விலகியபோது, பவுல் அதனை நல்லொழுக்கக் குறைவு என்று கண்டிக்கவில்லை, நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்றே கண்டித்தார் (கலா. 2:11-14). நற்செய்தி உண்மையா என்பதைப் பந்தியிற் சோதித்தார் அப்போஸ்தலர். மதுரையிலும் இச்சோதனை நடந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனெரிகள் தொடங்கிய மதுரை மிஷன், உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் தொடங்கி, 1845இல் அதனைப் பசுமலைக்கு மாற்றியது. இப்பகுதியின் நற்செய்திப் பயிற்சி வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது எனலாம். இரண்டே ஆண்டுகளில், 1847இல், உபதேசியார்களும் மாணவரும் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்ண வேண்டும் என்னும் கட்டளை பிறந்தது. பலர் மறுத்தனர். மறுத்தவர் நீக்கப்பட்டனர். பசுமலையில் மாணவர் தொகை சரிந்தது. பிற்காலத்தில் அவர்களிற் சிலர் திரும்பி வந்தனர்.

இந்நிகழ்ச்சியை வீரக்கதையாக்கிப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கு நாம் உடன்படவில்லை. சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவரிடம் உண் என்று ஆணையிட்டு, உண்ணாதவரை நீக்குவது பந்தியாகுமா? அக்கட்டளைக்குப் பின்னும் நம் சபைகளில் சாதி ஒழியவில்லை என்பதைக் கல்லறைத் தோட்டங்களைக் கண்டவர் அறிவர். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நற்செய்தியை அறிவிக்கப் போகிறவனுக்கு முதற்பாடம் யாது என்னும் கேள்விக்கு அன்றைய பசுமலை கூறிய விடை சரியானது. அதைக் கற்பித்த முறையே பிழைபட்டது. இன்றைய கையேடுகளோ அக்கேள்வியையே விட்டுவிட்டன. உடை எவ்வாறு இருக்க வேண்டும், எத்தனை மணிக்குச் செல்ல வேண்டும், இருவர் இருவராகச் செல்ல வேண்டும் என்றெல்லாம் கூறும் இவை, அவ்விருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டிருக்கிறார்களா என்று கேட்பதில்லை.

பெண்கள் பெற்ற பயிற்சி வேறு வகையானது. அது இன்னும் தக்கவாறு எழுதப்படவில்லை. ஈவா சுவிஃப்ட் அம்மையார் 1892இல் மதுரையில் தொடங்கி, பின்னர் இரட்சணியபுரத்தில் நிலைபெற்ற லூசி பெரி நோபிள் வேதாகமப் பள்ளியில் பயின்ற பெண்கள், வீடு வீடாகச் சென்றனர். பெண்களுக்கு எழுத்தறிவித்தலும் அவர்கள் பணியாக இருந்தது. எழுத்துக் கற்பிப்பவர் ஒரு வீட்டுக்கு ஒரே முறை சென்று திரும்ப இயலாது. வாரந்தோறும் செல்ல வேண்டும். குழந்தையின் காய்ச்சலை விசாரிக்க வேண்டும். மாமியாரின் முகக்குறிப்பை அறிய வேண்டும். அகரம் தொடங்கி வசனம் வரை செல்லும் அந்த நெடிய வழியில், நான்கு படிகளுக்கு இடமில்லை. நம் பாட்டிமார் சிலரை எழுத்தறிவித்த அப்பெண்களின் பெயர்கள் சபைப் பதிவேடுகளில் ஒரு வரியாக நிற்கின்றன. நற்செய்திப் பயிற்சியின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் எவரேனும் இருப்பின், ஃபிளாரிடாவை விட்டு இப்பதிவேடுகளிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கீர்த்தனைகளையும் இத்துடன் சேர்க்க வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு உவெப் 1850களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இப்பகுதிச் சபைகள் பாடுமாறு அச்சேற்றினார். எழுத்தறியாதாரும் இறையியலை மனப்பாடம் செய்தது அவற்றின் வழியாகத்தான்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகினுக்கு அப்போது வயது முப்பத்தேழு. 1959 வரை அவர் இப்பொறுப்பில் இருந்தார். பிற்காலத்தில் மேலைநாட்டாருக்கு நற்செய்தியைப் பற்றி எழுதியபோது அவர் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்த காட்சி நம் ஊர்க் காட்சிதான். ஒரு சிற்றூர் ஆலயத்தின் முன் கிறிஸ்தவச் சபையார் தரையில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களைச் சுற்றி இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று கேட்கிறார்கள், பேராயர் பேசுகிறார். தம் சொற்களை நிற்பவர்கள் நம்புவார்களா என்பது தம் நாவன்மையைப் பொறுத்ததன்று, நடுவில் அமர்ந்திருப்பவர்களிடம் அச்சொற்கள் மெய்ப்பட்டிருப்பதை அவர்கள் காண்கிறார்களா என்பதையே பொறுத்தது என்று அவர் உணர்ந்திருந்தார். சபையே நற்செய்திக்கு விளக்கவுரை என்று 1989இல் அவர் விரித்துரைத்த கருத்துக்கு விதை இங்கு ஊன்றப்பட்டது எனலாம்.

அக்காட்சியை நாம் இன்னும் ஒரு படி நெருங்கிப் பார்க்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் அயலூரார் அல்லர். அமர்ந்திருப்பவர்களை அவர்கள் பிறப்பு முதல் அறிவார்கள். யார் யாருக்குக் கடன் பட்டவர், யார் வயலில் யார் கூலி, எந்தத் தெருவார் எந்தக் கிணற்றில் நீரெடுக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பாயில் எந்தப் பக்கம் யார் அமர்கிறார் என்பதையும், திருவிருந்துக் கிண்ணம் முதலில் யார் கைக்குச் செல்கிறது என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி வேண்டியது பேசுகிற ஒருவருக்கா, அமர்ந்திருக்கிற எல்லாருக்குமா? தோர்ணக்கல் பேராயர் அசரியா, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்னும் பவுலின் சொற்களைக் கூறச் செய்தார் (1 கொரி. 9:16). தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் அப்பயிற்சிக்குக் கையேடு இருக்கவில்லை. சேரியிற் பிறந்த அம்மக்களின் வாழ்வு மாறுவதைக் கண்ட பிற சாதியாரும் திருச்சபைக்கு வந்தனர். திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்த ஒருவர் செய்த அப்பணியைத் தமிழ்ச் சபைகள் விழாக்களிற் பாராட்டுவதோடு நிறுத்திக்கொண்டன.

இனி, கையேட்டிலுள்ள ஒரு படத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும். ஒரு வட்டம்; அதனுள் ஒரு நாற்காலி. நான் என்னும் அகந்தை நாற்காலியில் அமர்ந்திருப்பது பாவ வாழ்வு. கிறிஸ்து அதில் அமர்வது மீட்புற்ற வாழ்வு. வகுப்பறையில் விளக்குவதற்கு இதைவிட எளிய படம் இல்லை. நாமும் பலமுறை கரும்பலகையில் வரைந்திருக்கிறோம். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்திலும் மேலூர்ப் பக்கத்திலும் நாற்காலி என்பது உருவகம் அன்று. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தல் நடத்த இயலாதிருந்து, 2006இல்தான் அது நடந்தது. மேலூருக்கு அருகில் மேலவளவில் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்தவர்களுமாக அறுவர் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். இவ்வூர்களின் தெருக்களில் நின்று, நாற்காலியில் நீ அமர்ந்திருப்பதே உன் பாவம் என்று படம் வரைந்து காட்டலாமா? ஒருநாளும் அமர விடப்படாதவரிடம் இறங்கு என்று கூறும் செய்தி யாருக்கு நற்செய்தி? தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று மரியாள் பாடினாள், ஆசனங்களிலிருந்து தள்ளப்பட்டோர் வேறு (லூக். 1:52). அகந்தை எல்லாரிடமும் உண்டு என்று விடை வரும். உண்டு. ஆயினும் சகேயுவை மரத்திலிருந்து இறங்கச் சொன்னவர், கூனியாயிருந்த பெண்ணை நிமிரச் செய்தார். இருவருக்கும் ஒரே படத்தைக் காட்டவில்லை.

சட்டத்தைக் குறித்தும் கையேடுகள் வாய் திறப்பதில்லை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பும் உரிமையில் பிறரை மதமாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. முகாம் முடிவில் தீர்மானம் செய்தோர் எத்தனை பேர் என்று படிவத்தில் எண்ணி எழுதுவோர் இவற்றை அறிந்திருத்தல் நலம். ஆனால் இதைவிட அழுத்தமான ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியற் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அத்தகுதியை இழக்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் இத்தடை நீங்கியது, கிறிஸ்தவருக்கு நீங்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். எனவே திருமுழுக்குப் பெறுமாறு ஒரு தாயிடம் கூறும் பயிற்சியாளர், அவள் மகனின் கல்லூரி இடத்தையும் சேர்த்தே பேசுகிறார். அதைச் சொல்லாமல் விடுவது சாதுரியமாகலாம், சாட்சியாகாது. செலவைக் கணக்கிடுமாறு சொன்னவர் நம் ஆண்டவரே (லூக். 14:28). அந்தச் செலவைச் சபை எவ்வாறு பகிர்ந்துகொள்ளும் என்று அத்தாய் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை உண்டா?

அரசரடியில் இறையியல் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலை என்னும் கருத்தைத் தம் இறையியலின் மையமாக்கினார். பறையும் நாட்டுப்புற மெட்டும் வழிபாட்டில் நுழைந்ததே அவர் பணி என்று கருதுவோர் பலர். அவை ஊருக்குக் கேட்டன. உலை அத்துணை எளிதாகக் கேட்கவில்லை. பாடலை ஏற்றுக்கொண்ட சபைகளிற் பல, உலையை ஏற்கவில்லை. நாட்டுப்புற இசையை அமைத்துத் தெருநாடகம் போடக் கற்ற நம் மாணவர், அதனையும் மற்றொரு கையேடாக்கிவிடும் இடர் உண்டு என்பதை இங்குச் சொல்லிவைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்று நடத்திய முகாம் ஒன்றில், இரு தெருச் சபைகளிலிருந்து இளைஞர் வந்திருந்தனர். ஒரே சேகரம், ஒரே ஆயர், இரு ஆலயங்கள். காலை வகுப்பில் நாம் மேற்கூறிய அந்தியோகியாப் பகுதியை விரிவாகவே நடத்தினோம். இருவர் இருவராகப் பிரித்தபோது, தெருவுக்கு ஒருவராக இணைத்தோம். அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. நண்பகலில் மரத்தடிக்கு வந்து பார்க்கையில், இணைகள் பிரிந்து இரு வட்டங்களாகத் தூக்குச்சட்டிகளைத் திறந்து உண்டுகொண்டிருந்தனர். எவரும் எவரையும் விலக்கவில்லை. தத்தம் வீட்டுச் சோறு, அவ்வளவே. நாம் அதைக் கண்டோம். ஒன்றும் கூறவில்லை. பிற்பகல் தெருப்பணிக்குப் பெயர்ப்பட்டியல் வாசித்து அனுப்பிவைத்தோம். அன்று மாலை ஓர் இளம்பெண் படிவத்தை வெறுமையாகக் கொண்டுவந்தாள். சென்ற வீட்டில், நீங்கள் இருவரும் ஒரே வீடா என்று கேட்டார்களாம். ஒரே சபை என்றாளாம். அப்படியானால் மதியம் ஏன் தனித்தனியே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்களாம். மரத்தடி அவ்வீட்டுச் சன்னல் வழியே தெரிகிறது. பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டதாகச் சொல்லி, "ஐயா, இதுக்குப் புஸ்தகத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அதற்கு அடுத்த ஆண்டு, எவரும் உணவு கொண்டுவர வேண்டா, முகாமிலேயே சமைக்கப்படும், சமையலுக்கும் பரிமாறுதலுக்கும் முறை சீட்டுப் போட்டு எடுக்கப்படும் என்று சுற்றறிக்கை அனுப்பினோம். முந்திய ஆண்டு வந்தவர்களிற் சிலர் வரவில்லை. தேர்வு, உறவினர் திருமணம், உடல்நலக் குறைவு என்று காரணங்கள் வந்தன. சில உண்மையாகவும் இருக்கலாம். வந்தவர்கள் முதல் நாள் சாம்பாரில் உப்பை இருமுறை போட்டுவிட்டார்கள். முகாம் முடிந்த வாரத்தில் சேகரக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். நற்செய்திப் பயிற்சி நன்று என்றும், அதனோடு தேவையற்றவற்றைக் கலக்காதிருந்தால் வருமாண்டில் இளைஞர் மிகுதியாக வருவார்கள் என்றும் மரியாதையோடு குறிப்பிட்டிருந்தார். அவர் நம் நண்பர். நம் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு நாளில் ஞானப்பெற்றோராக நின்றவர். அக்கடிதத்திற்குப் பதில் எழுதத் தொடங்கி மூன்று முறை கிழித்துவிட்டோம். அவர் வீட்டிற்கு நேரிற் சென்று உணவருந்திப் பேசலாம் என்று இருக்கிறோம். அந்த இளம்பெண்ணையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்பதில்தான் இன்னும் துணிவு வரவில்லை.